மணலில் விழுந்த பந்து

"ஏங்க, வல்லத்திராக்கோட்டையே ஒங்களப் பாத்துச் சிரிக்குது!" என்றாள் வைஷ்ணவி.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவள் கணவன் திருமுருகன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வறண்டு கிடந்த வெள்ளாற்று மணலில் காலைப் புதைத்து நின்றுகொண்டு கோல்ஃப் பந்தை அடித்தான்.

"அடுத்த மாசம் மானேஜரோட ஆடணும். சூப்பர்வைசர் வேலை அவரு கையிலதான் இருக்கு. புல்லு மைதானத்துல அங்கங்க மணல் குழி வெட்டி வச்சிருப்பாங்க. அதுல விழுந்தா, மணலக் கிளப்பாம பந்த மட்டும் தூக்கணும்."

ஓடி ஓடிப் பந்து பொறுக்கியே வைஷ்ணவிக்கு இடுப்பு ஒடிந்தது. ஆனால் லீவு முடிவதற்குள் பந்து அம்பாகப் பறந்தது. ஒரு பொடி மணல்கூடக் கிளம்பவில்லை.

ஆட்டம் முடிந்த கையோடு துபாயிலிருந்து போன் வந்தது.

"வைசு, மானேஜர் அசந்துட்டாரு! ஒவ்வொரு மணல் குழியிலேருந்தும் பந்து சும்மா பறந்துச்சு. வேலை நமக்குத்தான்!"

"அதென்னங்க, மத்தவங்க பந்தெல்லாம் புல்லுல விழ, ஒங்க பந்து மட்டும் குழி குழியாப் போயி விழுந்துருக்கு? யாரு கண்ணு பட்டுச்சோ!"

திருமுருகன் குரலைத் தாழ்த்தினான்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. நானேதான் குறி பாத்து மணல்ல போட்டேன். நம்ம ஆத்துல ஏது புல்லு? புல்லுல கெடந்தா எனக்கு அடிக்க வராதுடி!"