அரம் போட்ட கோடாலி

"யாரைக் கேட்டுடி கோடாலிக்கு அரம் போட்டே?"

ஐயாவு போட்ட சத்தத்தில் நாலு வீட்டு அடுப்பு அணைந்து, நாலு வீட்டுக் காதும் வேலியோரம் வந்துவிட்டன. பெண்டாட்டி கோடாலியைத் தீட்டி வைத்தால் ஒருத்தன் சந்தோஷப்படுவானா, சண்டை போடுவானா?

"கல்லுல பட்டு வாய் உடைஞ்சு ஆறு மாசமா அப்படியே கிடந்துச்சு. ராவி, எண்ணெய் பூசி வச்சது தப்பா?" என்றாள் ரெங்கம்மா.

"இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சா?"

அன்று விடிந்தபோது, பக்கத்துத் தோட்டத்துச் சுரேந்திரனின் நாற்பது பாக்கு மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. வேலித் தகராறில் "வெட்டிச் சாய்ப்பேன்" என்று ஐயாவு சொன்னதைத் திக்லிபூர் ஊரே கேட்டிருந்தது.

ரெங்கம்மா குரலைத் தணித்தாள். "போலீஸ் வருது. உடைஞ்ச வாயை வச்சு உங்க வெட்டுன்னு கண்டுபிடிச்சிருவாங்கள்ல?"

ஐயாவு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மரங்களைப் போய்ப் பார்த்தியா? வெட்டெல்லாம் வழவழன்னு இருக்கு. என் கோடாலி வெட்டினா நடுவுல வரி விழும். நான் வெட்டலைங்கிறதுக்கு அந்த உடைஞ்ச வாய் ஒண்ணுதான் சாட்சி."

புதிதாக அரம் போட்ட கோடாலியைப் பார்த்த போலீஸ் வேறு எதையும் தேடவில்லை.

தண்டனை முடிந்து வந்த ஐயாவு இப்போது தனியாகப் பொங்கித் தின்கிறார். ரெங்கம்மா பாம்பூஃப்ளாட் என்கிற ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறாள். திரும்பி வா என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லி அனுப்பவில்லை.