ராசிக்காரன்

ஒரு வருட வெளிநாட்டு வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில், கரண்டியை யாருக்குக் கொடுப்பது என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

கம்பளியை ‘ரேடியோ’வுக்குக் கொடுத்தான். அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை. இஸ்திரிப் பெட்டி, எட்டு மணிக்கே குறட்டை விடும் ‘தாத்தா’வுக்கு. கரண்டியை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத ‘உம்மணாமூஞ்சி’யின் கட்டிலில், தலையணை மேல் வைத்தான்.

“இனிமேலாவது சமைக்கட்டும்” என்றான். ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான்.

அறையில் நான்கு பேர். எல்லோருக்கும் ஒரே தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ராத்திரிச் சமையலை முறை வைத்துச் செய்வார்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை இரண்டாவது ஷிப்ட் பார்ப்பவனுக்கு மட்டும் சமையல் கிடையாது. மூடி வைத்த தட்டு காத்திருக்கும். உம்மணாமூஞ்சிக்குப் பாதி நாள் இரண்டாவது ஷிப்ட்தான். சமையலுக்கு டிமிக்கி கொடுக்க அதைக் கேட்டு வாங்குகிறான் என்பது அறைக்கே தெரிந்த விஷயம்.

வந்து படுப்பான், எழுந்து போவான். கேட்டதற்கு ‘ம்’ என்பான். அவ்வளவுதான் பேச்சு.

ஊருக்குக் கிளம்பும் இவனுக்கோ ஒரு தடவைகூட இரண்டாவது ஷிப்ட் வந்ததில்லை. சூபர்வைசர் வாராவாரம் சீட்டுக் குலுக்கிப் பட்டியல் ஒட்டுவார். இவன் பெயர் காலையிலோ ராத்திரியிலோதான் இருக்கும்.

“நம்ம ராசி அப்படி” என்று மார்தட்டுவான். அதனாலேயே அறையில் அவனுக்கு ராசிக்காரன் என்று பெயர்.

அந்த ராசி இல்லாவிட்டால் அவன் பாடு திண்டாட்டம்தான். கிளம்பி வந்தபோது பாப்பாவுக்கு மூன்று மாதம். மனைவி வேலையிலிருந்து வந்து, பாப்பா தூங்குவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரம், இங்கே சாயங்காலம் ஐந்து மணி. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. குழந்தை தன் முகத்தை மறந்துவிடுமோ என்ற ஒரே பயத்தோடுதான் இங்கே வந்து இறங்கினான். இப்போது அது போனைப் பார்த்தாலே “ப்பா” என்கிறது.

நாலு மணிக்கு ஆலைக்கு வெளியே இருந்த கேன்டீனில் டீ கொடுத்து வழியனுப்பினார்கள். எல்லோரும் வந்திருந்தார்கள். வராதவன் உம்மணாமூஞ்சி ஒருவன்தான்.

“ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டா குடி முழுகிடுமா?” என்று ராசிக்காரன் பொருமினான். “ஒரு வருஷம் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கோம். என்ன மனுஷன் சார் இவரு?”

சூபர்வைசர் டீயைக் கீழே வைத்துவிட்டு, அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“சொல்லக் கூடாதுன்னு கையிலடிச்சு சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா நீ இப்படிப் பேசிட்டுப் போறதைக் கேட்டுட்டு இருக்க முடியல தம்பி. உனக்கு ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் குலுக்கல்ல பதினேழு வாரம் உனக்கு ரெண்டாவது ஷிப்ட் விழுந்துச்சு.”

“எனக்கா?”

“பதினேழு வாரமும், பட்டியல் ஒட்டுறதுக்கு முன்னாடி வந்து நிப்பான். ‘அதை எனக்குப் போடுங்க, என்னுதை அவனுக்குப் போடுங்க’ன்னு.”

அவன் ஏன் என்று கேட்பதற்குள் சூபர்வைசரே சொன்னார். உம்மணாமூஞ்சி முதல் தடவை வெளிநாடு போய், இரண்டு வருடம் கழித்து வீட்டுக்குப் போனானாம். வாசலில் நின்ற பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, யார் இந்த மாமா என்று கேட்டதாம்.

“இந்த வாரமும் உனக்கு ரெண்டாவது ஷிப்ட்தான் விழுந்துச்சு. இப்ப உள்ள உன் வேலையைத்தான் பார்த்துட்டிருக்கான்.”

ராசிக்காரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை நாள் அந்த மனிதனை வைத்துக்கொண்டே மார்தட்டியிருக்கிறான்.

அறைக்கு ஓடினான். தலையணை மேலிருந்த கரண்டியை எடுத்துத் தன் பைக்குள் திணித்தான். கொடுக்கக் கையில் வேறு எதுவும் மிச்சமில்லை. ஒரு வருடமாக வீட்டு நேரத்தையே காட்டிக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தான்.

வேன் ஓட்டுநரைக் கெஞ்சி, ஆலை வாசலில் ஒரே ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னான். உள்ளே போக முடியாது. அனுமதி அட்டையைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. காவலாளி பரிதாபப்பட்டு, உள்தொலைபேசியில் எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

“ம்” என்றது எதிர்முனை.

“அண்ணே” என்றான். ஒரு வருடத்தில் அவரை அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. “அண்ணே, சார் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. என் பொண்ணு என்னை அப்பான்னு கூப்பிடுறதே உங்களாலதான்.”

போனில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே, இருக்கீங்களா?”

“மணி அஞ்சாகுது” என்றார் உம்மணாமூஞ்சி, எப்போதும் போலச் சிடுசிடுவென்று. “பாப்பா தூங்கிடும். என்கிட்ட என்ன பேச்சு? வச்சிட்டு வீட்டுக்குப் போன் போடு.”