மற்றும் பலரில் ஒருத்தி

"உங்க பத்திரிகையில கேள்வி பதில் எழுதறவர், படத்தைப் பார்த்துட்டு எழுதறாரா, பார்க்காமலே எழுதறாரா?"

காலையிலிருந்து ஆசிரியருக்கு வந்த எல்லா போனிலும் இதே பாட்டுதான். சினிமா ரசிகர்களுக்கு ஒரு தப்பு கண்ணில் பட்டால் போதும், வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி.

தப்பு செய்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எந்தப் படத்தில் யார் நடித்தார், யார் குரல் கொடுத்தார், மாடியிலிருந்து ஹீரோவுக்குப் பதிலாக யார் குதித்தார் என்று எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்லிவிடுவார். ஆபீஸில் அவருக்கு 'டைட்டில் கார்டு' என்றே பேர்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் இது சறுக்கின மாதிரித் தெரியவில்லை.

ஒரு வாசகி கேட்டிருந்தாள்: "'பத்தாம் வார்டு' படத்தில் ஹீரோவை அடக்கும் அந்த நர்ஸ் யார்? டிவியில் அந்தப் படம் வந்தாலே, 'அது நான்தான்' என்பார் என் அம்மா. வீட்டில் யாரும் நம்பியதில்லை. நானும் சேர்ந்து கேலி செய்திருக்கிறேன். இப்போது அம்மா ஆஸ்பத்திரியில். டாக்டர் கைவிரித்துவிட்டார். உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது."

கூடவே அம்மாவின் இளவயது போட்டோ.

டைட்டில் கார்டின் பதில்: "சந்தேகமே வேண்டாம். உங்கள் அம்மாதான். கேலி செய்ததற்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள்."

பதிலோடு போட்டோவையும் போட்டிருந்தார்கள். வினை அதில்தான் வந்தது.

ஆசிரியர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். தலையில் கட்டோடு ஹீரோ வார்டே அதிரக் கத்துகிறான். நர்ஸ் ஒரு தம்ளரை நீட்டி, தலையை லேசாகச் சாய்த்து, "முதல்ல தண்ணியைக் குடிங்க. சண்டையை அப்புறம் போடலாம்" என்கிறாள். அரை நிமிஷம் வருமோ என்னமோ. வசனம் எல்லார் வாயிலும் இருக்கிறது, பேசினவள் பேர் டைட்டிலில் இல்லை. 'மற்றும் பலர்' என்பதில் அவளும் அடக்கம்.

நர்ஸுக்கு மோவாயில் ஒரு குழி. போட்டோவில் இருந்த அம்மாவுக்கு அது இல்லை.

சாயங்காலம் அடுத்த இதழ் அச்சுக்குப் போகிறது. அதற்குள் மன்னிப்பு எழுதி வாங்கியாக வேண்டும். டைட்டில் கார்டு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். போனையும் எடுக்கவில்லை. ஆசிரியர் தானே கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்த டைட்டில் கார்டின் மனைவியை ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இருக்காரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் நாற்காலியைத் தவிர எல்லா இடத்திலும் பழைய சினிமாப் பத்திரிகைகள். அவற்றுக்கு நடுவில் டைட்டில் கார்டு.

"அது அந்தம்மா இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"டிரேயைத் தூக்கிட்டுப் பின்னாடி போற கூட்டத்துல இருந்திருப்பாங்க சார். முகமே தெரிஞ்சிருக்காது. பிள்ளைங்ககிட்ட சொல்லும்போது நாலடி முன்னாடி வந்துட்டாங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு நம்ம பத்திரிகை மானம்தான் கிடைச்சுதா?"

"அந்தப் பொண்ணு போன்ல அழுதுச்சு சார். ஆஸ்பத்திரியில நர்ஸுங்கல்லாம் ஒவ்வொருத்தரா வந்து பார்த்துட்டுப் போறாங்களாம். அந்தம்மா தலை வாரிவிடச் சொல்லிக் கேட்டாங்களாம்."

ஆசிரியருக்கும் ஈர மனசுதான். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"சரி, நிஜமா நடிச்சவங்க கதி? அவங்களுக்குன்னு இருந்ததே அந்த அரை நிமிஷம். டைட்டில்லயும் பேர் இல்ல. அதையும் பிடுங்கி இன்னொருத்தருக்குக் குடுத்துட்டீங்களே, இது பாவம் இல்லையா?"

"அவங்களைக் கேட்டுட்டுத்தான் சார் எழுதினேன்."

"யாரை?"

"நடிச்சவங்களை. 'போற நேரத்துல ஒரு தாய் பெத்த பிள்ளைங்க முன்னாடி பொய்க்காரியா நிக்கக் கூடாது. குடுத்துடுங்க'ன்னு சொன்னாங்க."

ஆசிரியர் எழுந்தே விட்டார்.

"யார் காதுல பூ சுத்தறீங்க? டைட்டில்லயே பேர் இல்லாதவங்களை எங்க போய்த் தேடிப் பிடிச்சீங்க? இப்பவே மன்னிப்பு எழுதிக் குடுங்க. இல்லேன்னா அடுத்த இதழ்லேர்ந்து உங்க பக்கமே கிடையாது."

எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்கிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க. யார் அவங்க?" ஆசிரியர் வீடே அதிரக் கத்தினார்.

அவர் முகத்துக்கு நேரே ஒரு தம்ளர் நீண்டது. அப்போதுதான் அந்த வீட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். நரைத்த தலை லேசாகச் சாய்ந்திருந்தது. மோவாயில் ஒரு குழி.

"முதல்ல தண்ணியைக் குடிங்க," என்றார் அந்த அம்மா. "சண்டையை அப்புறம் போடலாம்."