கழற்றக் கூடாத பலகை

"பிள்ளை, அந்தத் திருப்புளியைக் கீழை வை."

வாசற்படியில் குந்தியிருந்த கஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரர் தியாகலிங்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கட்டில், மேசை எல்லாம் ட்ரக்கில் ஏறியாச்சு. இந்தச் சாய்வுப் பலகைதான் மிச்சம். மகள் ஆர்த்திகாவின் சக்கர நாற்காலி படியேறவென்று, துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து கணவன் ரதீசன் அடித்தது. நடுப்பலகை கொஞ்சம் தூக்கி நிற்கும். சக்கரம் ஏறும்போது 'டக்' என்னும். ஆர்த்திகா ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

"இது இவர் செய்தது அண்ணை," என்றாள், தியாகலிங்கத்துக்கே சரியாகக் கேட்காத மாதிரி.

"ஆர் இல்லையெண்டது? ஆனால் என்ரை சீமெந்திலை எல்லோ பூட்டியிருக்கு. வீட்டோடை சேர்ந்தது வீட்டுக்காரனுக்கு. நான் முந்தி இருந்த ஹொலண்டிலையும் இதுதான் சட்டம். கழட்டினால் படி வெடிக்கும்."

"புது வீட்டிலையும் படி இருக்கண்ணை. இவளை எப்பிடி..."

"ஒண்டு அடிச்சவனுக்கு இன்னொண்டு அடிக்கத் தெரியாதே?"

ரதீசன் திருப்புளியை வாங்கிப் பைக்குள் போட்டான். "விடும் கஜந்தினி. வாரும்."

புது வீட்டில் பிள்ளையைத் தூக்கித்தான் ஏற்றினார்கள். இன்னொன்று அடிக்க முதலே ரதீசனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு கஜந்தினி தனியத் தூக்கினாள். பனி கொட்டத் தொடங்கியதும் ஆர்த்திகா ஜன்னலோடு முடங்கிவிட்டாள்.

பொங்கலுக்குத்தான் கோயிலுக்கு வெளிக்கிட்டார்கள். அங்கேயும் தூக்கவேணுமே என்று வந்தவளுக்கு, வாசலில் பச்சை பெயின்ட் அடித்த சாய்வுப் பலகையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. ஆரோ புண்ணியவான்.

நாற்காலியை உருட்டினாள். நடுவில் 'டக்' என்றது.

"அம்மா, எங்கடை டக்," ஆர்த்திகா கைதட்டிச் சிரித்தாள்.

கஜந்தினி குனிந்தாள். பச்சை உரிந்த இடத்தில் துறைமுகத்துப் பெட்டியின் கறுப்பு முத்திரை. பலகையோரக் கைப்பிடிக் கம்பியில் புதுப் பித்தளைத் தகடு: 'உபயம்: தியாகலிங்கம் குடும்பம்.'

மேல்படியில் பட்டை விபூதியோடு அவரே நின்றார். சுற்றிவர நாலு பேர்.

"ஏத்து பிள்ளை, ஏத்து. இவளைப்போல பிள்ளையளை நினைச்சுத்தானே குடுத்தனான்."

கஜந்தினி ஏற்றினாள். அவருக்குப் பக்கத்தில் வந்ததும், இந்த முறை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"படி வெடிக்கேல்லையோ அண்ணை?"