முகம் காட்டும் ராஜா

"ஏங்க, கீழே கார்ல வந்து இறங்குறது அவரேதாங்க! கொஞ்சம் பார்த்து எழுதுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த மனைவி பதறினாள். விமர்சகர் பனியனுக்கு மேல் அவசரமாகச் சட்டையை மாட்டியதில் பொத்தான் ஒன்று இடம் மாறிப்போனது.

"வரட்டுமே. நான் என்ன பொய்யா எழுதினேன்?"

ஊரே அந்த நாடகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. நானூறு ஆண்டுப் பழைய ஆங்கில நாடகம். மகள்களுக்கு நாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, கொட்டும் மழையில் தெருவில் நிற்கும் கிழ ராஜாவின் கதை. முப்பது வருடம் சினிமாவிலேயே இருந்த உச்ச நட்சத்திரம், முதன்முதலாக மேடையேறி ராஜாவாக நடித்தார். பத்திரிகைகள் ஒன்று விடாமல் கிழித்தன. ஜனங்களோ தினமும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கிழித்தவர்களில் இவர்தான் முதல் ஆள். 'முகம் காட்டும் ராஜா' என்று தலைப்பு வேறு. மூன்று நாளாகப் போனில் ரசிகர்களின் அர்ச்சனை. "கொஞ்சம் தணிச்சு இன்னொண்ணு எழுதிடுங்களேன்" என்று பத்திரிகை ஆசிரியரும் நச்சரித்தார். வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி அந்த நாடகத்தை இரண்டு தடவை பார்த்து, இரண்டு தடவையும் கைக்குட்டையைப் பிழிந்தவள்.

"அந்த மனுஷன் பேசின ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சுல இறங்குச்சு. உங்களுக்கு மட்டும் எங்கே போய் முட்டிக்கிட்டு நின்னுச்சோ!"

அழைப்பு மணி அடித்தது.

நடிகர் தனியாகத்தான் வந்திருந்தார். நாற்காலியில் கிடந்த பழைய பேப்பர் கட்டைத் தானே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கத்தரித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"'ராஜாவுக்குத் தாடியும் இல்லை, மீசையும் இல்லை. நட்சத்திர முகத்தை மறைக்க மனம் வரவில்லை போலும். புயல் காட்சியில் மேடை முழுக்க இருட்டு. அவர் முகத்தில் மட்டும் பௌர்ணமி. பெற்ற மகளிடம் பேசும்போதும் அவளைப் பார்க்காமல் நம்மைப் பார்த்தே பேசுகிறார். ஒவ்வொரு எழுத்தையும் வாயைத் திறந்து திறந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல...'"

"சார், இவர் ஏதோ அவசரத்துல..." என்று மனைவி குறுக்கே வந்தாள்.

"அவசரத்துல எல்லாம் எழுதல," என்றார் விமர்சகர்.

நடிகர் நிமிர்ந்தார். "அன்னிக்கு எங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

"பதினாறாவது வரிசை. ஓரத்துல."

"அங்கேயிருந்து பார்த்தே இவ்வளவும் தெரிஞ்சுதா?"

"நல்லாவே தெரிஞ்சுது. அதுதானே என் குறையே!"

"புயல் சீன்ல? இடி, மழை, அந்தச் சத்தம் எல்லாம்..."

"அதுலயும்தான். ஒரு எழுத்துகூட விடாம மென்னு துப்பினீங்களே."

நடிகர் சட்டென்று எழுந்தார். விமர்சகர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார். அதற்குள் அவருடைய இரண்டு கைகளையும் நடிகர் இறுகப் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"ரொம்ப நன்றிங்க. இந்த உதவியை நான் உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்."

"என்ன சார், கிண்டல் பண்றீங்களா?"

"சத்தியமா இல்ல. கைதட்டினவங்க எல்லாரும் 'பிரமாதம்'னாங்க, 'அழுதுட்டோம்'னாங்க. அதை வச்சு நான் என்ன தெரிஞ்சுக்கிறது? தாடி வைங்கன்னு டைரக்டர் கால்ல விழாத குறை. லைட் போடறவர் என்கூடப் பேசறதே இல்ல. எல்லாரோடயும் மல்லுக்கட்டி ஒண்ணு செஞ்சேன். அது சரியா வந்திருக்குன்னு வரி வரியா எழுதினது நீங்க ஒருத்தர்தான். உங்க ஆசிரியர் எனக்குப் போன் பண்ணி, மாத்தி எழுதச் சொல்றேன்னார். தயவு பண்ணி ஒரு எழுத்தையும் மாத்திடாதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இருபத்திரண்டு வருடத் தொழிலில், திட்டு வாங்கியவர் வீடு தேடி வந்து நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை. விமர்சகர் குனிந்து, இடம் மாறிய பொத்தானைச் சரியாகப் போடத் தொடங்கினார். மனைவிதான் டீயை நீட்டியபடி பேச்சை மாற்றினாள்.

"உங்க வீட்ல நாடகம் பார்த்தாங்களா சார்?"

"தினமும் வர்றாம்மா. மூணாவது வரிசை, நடு சீட். முப்பது வருஷமா என் ஒவ்வொரு பட வசனத்தையும் எதிர்ல உட்கார்ந்து கேட்டுத் திருத்தினவ அவதான். 'இந்த ராஜா வேஷத்தை ஒரு தடவை மேடையில போடுங்க'ன்னு கல்யாணமான புதுசுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிட்டேன்."

"பார்த்துட்டு என்ன சொன்னாங்க?"

"'எல்லாம் புரிஞ்சுது'ன்னுதான் சொல்றா. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாளோன்னு எனக்கு ஒரே சந்தேகம். இதைப் படிச்சப்புறம்தான் அவ சொன்னது நிஜம்னு நம்பினேன்."

"அவங்களுக்குப் புரியாம என்ன சார்?"

நடிகர் டீக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அவளுக்குச் சுத்தமாக் காது கேக்காம போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறா."