அப்பா ஒத்துக்கிட்டாரா?

"முடி கொட்டிப்போனா நாலு பேர் கேப்பாங்க. என்னன்னு பதில் சொல்றது?"

சிக்னலில் காரை நிறுத்திய மனைவிக்கு, அப்படியே கதவைத் திறந்து இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. பக்கத்து இருக்கையில் அவள் கணவர், பெயிண்ட் கடைக்காரர், சீட் பெல்ட்டுக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி கசங்கினால் தாங்கிக்கொள்ள முடியாத மனிதர்.

"உயிரைவிட முடி பெரிசாங்க?" என்றாள்.

"கட்டியைத்தான் எடுத்தாச்சே. ஆரம்பக் கட்டம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குக் கீமோ?"

டாக்டர் சொன்னதில் தனக்குத் தோதான பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்வதில் கடைக்காரர் கெட்டிக்காரர். மார்பகத்தில் இருந்த கட்டியைப் போன மாதம் எடுத்தாகிவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் அக்குளில் ஒரு நெறிக்கட்டிலும் கொஞ்சம் பரவியிருந்தது. கீமோ எடுத்துக்கொண்டால் நோய் திரும்ப வருகிற வாய்ப்பு குறையும், எடுத்துக்கொள்வதுதான் நல்லது, ஆனால் முடிவு உங்களுடையது என்று டாக்டர் பொறுமையாக விளக்கியிருந்தார். அந்த முடிவை இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

வெளியூரில் இருக்கும் மகள் தினமும் போனில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அப்பா ஒத்துக்கிட்டாராம்மா?" அம்மா சொல்கிற பதிலும் தினமும் ஒன்றுதான்.

ஆபரேஷன் விஷயத்தையே அவர் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. கடையில் யாராவது கேட்டால், "வீட்ல உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார். அதற்கப்புறம் மாட்டிக்கொள்வது அவள்தான். நாத்தனார் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பக்கத்து வீட்டம்மா ஏதோ ஒரு கசாயத்தைக் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று கணவர் சத்தியம் வாங்கியிருந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கசப்பைக் குடித்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவின் கூடம் முழுக்கப் பெண்கள். அவளுக்கு அடுத்தாற்போல் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"உட்காருங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"பொம்பளைங்க உட்கார்ற இடத்துல எனக்கென்ன வேலை?" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்று போனை நோண்ட ஆரம்பித்தார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டிய நாளிலிருந்து இந்த வறட்டுப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப் போயிருந்தாள்.

அவளுக்கு மறுபக்கம், தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராம், கீமோவுக்காக லீவில் இருக்கிறாராம். மெதுவாகப் பேசினாலே கடைசி சீட்டுவரை கேட்கிற குரல்.

"ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கண்டக்டர் விசாரித்தார்.

"ஆயிடுச்சு."

"கீமோ எப்ப ஆரம்பம்?"

"எங்க ஆரம்பிக்கறது? நானும் எம்பொண்ணும் கெஞ்சிப் பார்த்தாச்சு. அவர் முடியவே முடியாதுங்கறார்" என்று சுவரோரம் கையைக் காட்டினாள். "முடி கொட்டிடுமாம், வெளிய தெரிஞ்சுடுமாம்."

கண்டக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. படியில் தொங்குகிறவனை உள்ளே கூப்பிடுகிற தோரணையில், "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்றார். கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

கண்டக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். வாந்தி வரும், வாயெல்லாம் புண்ணாகும், சில நாள் எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. தனக்கும் எல்லாம் வந்தது, ஆனால் தாண்டியாகிவிட்டது. முடி போனால் திரும்ப முளைக்கும், ஆள் போனால் முளைக்காது என்று நறுக்கென்று முடித்தார்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று முணுமுணுத்தார் கடைக்காரர்.

அந்த நேரம் பார்த்து டாக்டரின் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் தலையை மட்டும் நீட்டி, "சார், என்ன முடிவு பண்ணியிருக்கீங்கன்னு டாக்டர் கேக்கறாங்க" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"எனக்கா புரியாது? இதே உங்களுக்கு வந்திருந்தா, முடியைப் பத்தி யோசிச்சுட்டு நிப்பீங்களா சார்?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சத்தியம் நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் இவளை என்ன பாடு படுத்திவிட்டோம் என்று முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. பிறகு பெண்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கீமோவுக்குத் தேதி குடுக்கச் சொல்லும்மா" என்றார் நர்ஸிடம். நர்ஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மனைவி நம்ப முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்டக்டரின் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"எனக்குத்தாம்மா வந்திருக்கு."