ஐந்தா, பன்னிரண்டா?

"தல?"

"தலயும் வாலும் மட்டும்தான் மீதி கீது. மத்ததெல்லாம் முட்ச்சாச்சு," என்றாள் பிலோமி.

ஜார்ஜ் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. "வெளிய யாருக்குனா தெரியுமா?"

"தெரியாம எப்டி? பக்கத்து வூட்டு ஜானட்டு மோப்பம் புட்ச்சிகினே வந்து ஒரு கிண்ணம் வாங்கிகினு போனா."

"கிண்ணமா! போச்சுடி, என் வேலையே போச்சு!"

ஞாயிற்றுக்கிழமை வஞ்சர மீன் குழம்புக்காக ஒருவனுக்கு வேலை போகுமா என்று கேட்காதீர்கள். அந்தக் குழம்பில் விழுந்தது சாதாரண மசாலா இல்லை, அரசாங்க மசாலா.

ஜார்ஜ் வரி ஆபீசில் கிளார்க். திருவொற்றியூரில் மீன் குழம்பு மசாலா அரைத்து விற்கும் செல்லம்மா, தன் சரக்கு வெறும் மசாலாத் தூள்தான், வரிப் பட்டியலில் கோடு நம்பர் 0910, வரி ஐந்து சதவீதம் என்று கட்டி வந்தாள். இல்லை, அது உப்பும் புளியும் சேர்ந்த கலவை, கோடு 2103, வரி பன்னிரண்டு என்று ஆபீஸ் நோட்டீஸ் விட்டது. இரண்டுக்கும் ஒரே வரி என்று ஆவதற்கு முந்தின வருஷம் நடந்த கூத்து இது.

கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் எடுத்து அரக்கு சீல் வைத்தார்கள். ஒன்று ஜார்ஜிடம், ஒன்று மேலதிகாரி மனோகரன் சாரிடம். திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய ஆபீசில் விசாரணை. எல்லோர் முன்னாலும் சீலை உடைத்துப் பார்க்க வேண்டும். நேரே அங்கே போக வேண்டும் என்பதால் ஜார்ஜ் தன் பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான்.

மனோகரன் சார் சட்டம் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, காசிமேட்டுக்கு எத்தனை மணிக்குப் போனால் நல்ல சங்கரா மீன் கிடைக்கும் என்று கேட்டதோடு சரி. மற்றபடி, "சாம்பிள் பத்திரம். தொலைஞ்சா சஸ்பெண்ட்தான்," என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

"அரக்கு சீல் வெச்சிருந்துச்சேடி! அத்தகூட பாக்கலியா?"

"பாத்தேன். எவனோ புது கம்பெனிக்காரன் பந்தாவா பாக்கெட்டு போட்டுக்கிறான்னு நென்ச்சேன். மசாலா வாங்கியான்னு மூணு நாளா கத்திகினு இருந்தேன். நீயும் ஒரு நாளு சொன்னத வாங்கியாந்துட்டியேன்னு மனசு குளுந்து பூட்ச்சுய்யா."

இதற்கு மேல் அவளைத் திட்ட அவனுக்கு வாயில்லை. மூன்று முறை குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டு, 'இன்னிக்கி கொயம்பு அள்ளுதுடி' என்று பாராட்டியவனே அவன்தான்.

"ஆனா ஒண்ணு," என்றாள் பிலோமி. "நல்ல மசாலாய்யா. நான் உப்பு போடல, புளி கரைக்கல. எல்லாம் அதுலயே கீது."

"அப்ப பன்னெண்டு பர்சென்ட்டுதான்," என்று ஜார்ஜ் தன்னை மறந்து தீர்ப்பே சொல்லிவிட்டான். பிறகுதான், அதற்கான சாட்சி இப்போது தன் வயிற்றில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

அரக்கும் முத்திரையும் அவன் பையில்தான் இருந்தன. அதே மசாலாவில் ஒரு பாக்கெட் கிடைத்தால் போதும், யாருக்கும் தெரியாமல் சீல் வைத்துவிடலாம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு செல்லம்மாவின் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். தலையில் ஹெல்மெட். அதைக் கழற்றாமல், குரலையும் மாற்றிக்கொண்டு, "மீன் கொழம்பு மசாலா ஒண்ணு," என்றான்.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் நெடி குபீரென்று வந்து ஹெல்மெட்டுக்குள் புகுந்தது. ஜார்ஜ் எட்டு தும்மல் போட்டான். ஒவ்வொரு தும்மலுக்கும் முகக் கண்ணாடி எகிறி எகிறி விழுந்தது.

செல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா சார், சீல் வெக்க வந்த அன்னிக்கும் இப்டிதான தும்மிகினு இருந்த? அத்த கயட்டு, மூச்சு முட்டி செத்துகித்து வெக்கப் போற."

மானம் போனால் போகிறது, வேலையாவது மிஞ்சட்டும் என்று ஜார்ஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். "செல்லம்மா, ஒரே ஒரு பாக்கெட்டு. இன்னா வெலன்னாலும் சரி."

"வெலய்ல இன்னா கீது? சரக்கு இல்லியே. நேத்து ஞாயித்துக்கெயம, எல்லாம் தீந்துபூட்ச்சு. இப்ப அரைக்கிறது மத்தியானம்தான் ஆவும்."

"ஒரு பாக்கெட்டுகூடவா இல்ல?"

"கடைசியா ஒண்ணு இருந்துச்சி. காலீல ஏயு மணிக்கு ஒருத்தரு வந்து, கால்ல வுய்ந்துடுவேன்னு கெஞ்சி வாங்கிகினு பூட்டாரு."

"யாருன்னு சொல்லு, நான் போயி அவர் கால்ல வுயறேன். இது என் சோத்துப் பிரச்சின செல்லம்மா!"

"அவுரும் இதே டயலாக்தான் சொன்னாரு," என்றாள் செல்லம்மா. "அவுரும் ஹெல்மெட்டு கயட்டல. அவுருக்குப் பத்து தும்மல்."

"ஐயோ, யாருன்னு சொல்லேன்!"

"உங்க மனோகரன் சாருதான்."